மின்வாரியத்தின் மெய்க்கீர்த்தி

மதிப்புக்குரிய தமிழ்நாடு மின்வாரியத்தாருக்கு,

உங்களைக் குறைசொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மின்தடை வந்தால் ஏச்சு, கட்டணம் ஏறினால் ஏச்சு, மழையில் கம்பி அறுந்தால் ஏச்சு. உங்கள் ஆற்றலையும் ஒருவராவது உட்கார்ந்து வரிசையாக எழுத வேண்டும். காற்றை மின்சாரமாக்கிக் கையாளுவதில் நாற்பது ஆண்டுப் பழக்கம் உள்ள மின்வாரியம் இந்த நாட்டில் அரிது. அந்தப் பழக்கத்தில் நீங்கள் தேறியிருக்கும் இடத்தை எண்ணினால் எனக்கு மலைப்பு அடங்குவதில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் எழுந்தன. நாட்டின் முதல் காற்றாலைத் தொகுப்புகளில் அதுவும் ஒன்று. பருவநிலை மாற்றம் குறித்துப் பேச உலகத் தலைவர்கள் ரியோவில் கூடுவதற்கு அப்போது ஆறு ஆண்டுகள் பாக்கி. கியோட்டோ ஒப்பந்தத்துக்குப் பதினோரு ஆண்டுகள் பாக்கி. உலகம் விழிக்குமுன் விழித்தவர்கள் நீங்கள். அதே தூத்துக்குடியில் 1979 முதலே உங்கள் அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் காற்று. இரண்டையும் ஒரே கடற்கரையில் வைத்து எடைபோடும் வாய்ப்பு உங்களுக்கு அவ்வளவு முன்னதாகவே கிடைத்துவிட்டது. தெரியாமல் செய்தார்கள் என்று எந்தக் காலத்திலும் எவரும் உங்களைச் சொல்லிவிட முடியாது. இதை உங்கள் முதல் பெருமையாக எழுதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை காற்றுக்கென்றே நமக்கு நான்கு வாசல் திறந்து வைத்திருக்கிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கணவாய்களில் நுழைந்துவிட்டால் செப்டம்பர் வரை ஓயாது. முப்பந்தலில் பேருந்தை விட்டு இறங்கினால் வேட்டியைப் பிடித்துக்கொள்ளவே இரண்டு கையும் சரியாக இருக்கும். கோவை நூற்பாலைக்காரர்களும் திருப்பூர் பின்னலாடைக்காரர்களும் தங்கள் பணத்தைக் கொண்டுவந்து இங்கே காற்றாலை போட்டார்கள். அப்படித்தான் ஆயிரக்கணக்கான மெகாவாட் எழுந்தது. காற்றாலையில் நெடுங்காலம் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு இருந்தது.

2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கோவையில் ஒரு நாளின் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கழிந்த காலம். நடுராத்திரியில் கரண்ட் வந்தால் பட்டறைக்காரர்கள் எழுந்து லேத்தை ஓட்டினார்கள். காற்று அடித்த மாதங்களில்தான் மின்வெட்டு குறைந்தது, காற்று ஓய்ந்ததும் மறுபடி இருண்டது. அந்த இருட்டிலிருந்து நீங்கள் பாடம் கற்றீர்கள். கற்ற பாடத்துக்கு 2013-ல் கையெழுத்தும் போட்டீர்கள். 3,330 மெகாவாட்டைப் பதினைந்து ஆண்டுகளுக்குத் தனியாரிடம் வாங்க ஒப்பந்தம், யூனிட் சராசரியாக 4 ரூபாய் 91 காசு. கரி மின்சாரம். நான்கே ஆண்டு கழித்து, 2017 ஆகஸ்டில், உங்களுடைய ஏலத்திலேயே காற்றாலை மின்சாரம் 3 ரூபாய் 42 காசுக்கு வந்து நின்றது. அதைப் பார்த்தும் மனம் தளராமல் பழைய வாக்கைக் காப்பாற்றி வருகிறீர்கள். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான். அந்த உறுதி பெரிய குணம்.

இந்த உறுதி எப்படி வேலை செய்கிறது என்பதை வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். கரி ஒப்பந்தத்தில் இரண்டு கட்டணம் உண்டு. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கொடுக்க வேண்டிய நிலைக்கட்டணம் ஒன்று, எடுத்த அளவுக்குக் கொடுக்கும் எரிபொருள் கட்டணம் மற்றொன்று. நிலைக்கட்டணம் எப்படியும் போகிற காசு. ஆகவே அன்றாடக் கணக்கில் கரியின் விலையாக எரிபொருள் செலவு மட்டுமே தெரியும். காற்றுக்கு எரிபொருள் கிடையாது. அதன் விலை முழுவதும் ஒரே தொகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், மலையிறங்கித் தானாக வரும் காற்று விலை கூடியதாகவும், ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி இறக்கிக் கொண்டுவரும் கரி விலை குறைந்ததாகவும் தெரியும். இந்தக் கணக்கை நீங்கள் பிசகாமல் போடுகிறீர்கள். கூட்டல் கழித்தலில் எந்தத் தணிக்கையாளரும் உங்களைக் குற்றம் பிடிக்க முடியாது. புகைக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலுக்கும் இல்லை, அங்கே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்களின் வெறும் கூடைக்கும் இல்லை. இருக்கிற கட்டங்களையெல்லாம் நேர்மையாக நிரப்பியிருக்கிறீர்கள்.

காற்றாலைக்காரர்களுக்குத் தர வேண்டிய பணம் மாதக்கணக்கில் நின்றது, சில காலங்களில் ஓராண்டையும் தாண்டியது. அவர்கள் ஓடிப்போய்விட மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கோபுரத்தைப் பிடுங்கி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக யாரால் முடியும்? யார் பொறுப்பார்கள், யார் பொறுக்கமாட்டார்கள் என்று ஆளைக் கணிப்பதில் உங்களுக்கு அனுபவம் அதிகம்.

இனி, உங்கள் கலையின் உச்சத்துக்கு வருகிறேன். நாளைக்கு எவ்வளவு காற்று வரும் என்பது உங்களுக்கு இன்றைக்கே தெரியும். பள்ளிக்கரணையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் அதன் களம் கயத்தாற்றில் இருக்கிறது. வானிலைக் கணிப்புகளும் காற்றுமானிகளும் துணை மின்நிலையங்களிலிருந்து வரும் நேரடி அளவுகளும் கணினியில் ஒன்று சேர்கின்றன. ஒரு நாள் தொண்ணூற்றாறு துண்டாகிறது. ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் இத்தனை மெகாவாட் வரும் என்று முந்தைய நாளே சொல்லிவிடுகிறார்கள். ஸ்மார்ட் தொழில்நுட்பம் என்று உலகம் எதைக் கொண்டாடுகிறதோ அதன் மூளை இதுதான். காற்று மிகுந்த பல நாடுகளில் இந்தக் கணிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கரி உலையை முன்கூட்டியே தணிக்கிறார்கள். நீரேற்று நிலையத்தைத் தயாராக வைக்கிறார்கள். எந்த மணி நேரத்தில் மின்சாரம் மலிவு என்று ஆலைகளுக்குச் சொல்கிறார்கள். நீங்களும் இதையெல்லாம் படித்தவர்கள்தான். அந்தக் கணிப்பிலிருந்து இன்னொரு பயனையும் எடுக்கலாம் என்று காட்டியவர்கள் நீங்கள். எந்த வேளையில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் அதில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

அந்த நிறுத்தத்தின் வேகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னைக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து தகவல் புறப்படுகிறது. துணை மின்நிலையத்தில் அதை வாங்குகிறவர் காற்றாலைப் பராமரிப்பு அலுவலகத்துக்குச் சொல்கிறார். ‘பேக்கிங் டவுன்’ என்பது உங்கள் ஆட்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர். சில நிமிடங்களில் இறக்கைகள் காற்றைப் பிடிக்காதபடி திரும்பிக்கொள்கின்றன. ஆடிக்காற்று அடித்தபடியே இருக்கிறது, கோபுரம் சும்மா நிற்கிறது. கரி உலையிடம் இந்த வேகம் நடக்காது. ஒருமுறை அணைத்தால் மறுபடி சூடேற்ற மணிக்கணக்கில் ஆகும், எண்ணெய் செலவாகும், கொதிகலன் குழாய்கள் தேயும். அனல் நிலையங்கள் 55 சதவீதம் வரை தணிந்து ஓட வேண்டும், பிறகு படிப்படியாக 40 சதவீதத்துக்குப் பழக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-ல் விதி வகுத்திருக்கிறது. கரி பழகக் காலம் ஆகும். காற்றாலை என்றோ பழகிவிட்டது. சொன்ன சொல் கேட்கிற பிள்ளையையே திரும்பத் திரும்ப எழுப்பி வேலை சொல்லும் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்திருக்கிறோம். முரட்டுப் பிள்ளையின் மனம் கோணாமல் குடும்பம் நடத்தவும் பொறுமை வேண்டும். அது உங்களிடம் நிறைய உண்டு.

அந்தப் பொறுமையை அளந்து பார்க்கலாம். ஆயிரம் மெகாவாட் காற்றாலை ஒரு மணி நேரம் நின்றால் பத்து லட்சம் யூனிட். அந்தப் பத்து லட்சத்தைக் கரியில் எடுத்தால், யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம், ஆயிரம் டன் கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. மறுநாள் காற்று நன்றாக அடித்தாலும் அந்த ஆயிரம் டன் திரும்பி வராது. நாம் போன பிறகும், நம் பேரப்பிள்ளைகள் போன பிறகும் அதில் ஒரு பங்கு அங்கேயே இருக்கும்.

கட்டமைப்பு தாங்காது, ஆகையால் நிறுத்தினோம் என்று நீங்கள் சொல்லும் நாட்களும் உண்டு. அந்தக் கவலை உண்மையானதுதான். மின்கட்டமைப்பில் அதிர்வெண் பிசகினால் மாநிலமே இருண்டுவிடும். அந்தப் பொறுப்பைத் தோளில் சுமக்கும் பொறியாளர்களை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் உங்கள் திறமையை நீங்களே குறைத்து மதிப்பிடக் கூடாது. 2022 ஜூலை 9 அன்று ஒரே நாளில் 12 கோடி யூனிட்டுக்கு மேல் காற்றாலை மின்சாரத்தை வாங்கினீர்கள். கட்டமைப்பு சரியவில்லை. ஒரு தெருவும் அதனால் இருளவில்லை. அந்த நாளைச் சாதனை என்று அறிவித்தார்கள், அது சாதனையேதான். உங்களால் எவ்வளவு முடியும் என்பதற்கு அன்றைய ஏட்டைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

ஏடு என்றதும் உங்கள் இன்னொரு நற்குணம் நினைவுக்கு வருகிறது. நிறுத்தச் சொன்னதை நீங்கள் பதிவு செய்து வைக்கிறீர்கள். அந்த ஒழுங்கு இல்லாதிருந்தால் 2021 ஆகஸ்ட் 2 அன்று மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அப்படியொரு தீர்ப்பை எழுதியிருக்க முடியாது. சூரிய மின் உற்பத்தியாளர்களின் தேசியக் கூட்டமைப்பு தொடுத்த வழக்கு அது. சில ஆண்டுகளுக்கு முன் யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று நல்ல விலை சொல்லி சோலார் நிலையங்களை மாநிலத்துக்கு வரவழைத்திருந்தீர்கள். வந்து நின்ற பிறகு, வெயில் கொளுத்தும் வேளையில் அவற்றின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னீர்கள். கட்டமைப்பின் பாதுகாப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. நாட்டின் மின்கட்டமைப்பை இயக்கும் நிறுவனமே பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாமல் குறைத்த வேளைகளுக்கு ஒப்பந்த விலையில் 75 சதவீதம் இழப்பீடு தர வேண்டும் என்றது தீர்ப்பாயம். காற்று, வெயில் மின்சாரத்தை விலைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது என்று மத்திய அரசு அதே ஆண்டு அக்டோபரில் தனியாக விதியே கொண்டுவந்தது. நாட்டின் மின்சாரச் சட்டம் வளர நீங்களும் ஒரு காரணம்.

சேமிப்பு விஷயத்திலும் நீங்கள் முன்னோடிகள். மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரைக் கீழிருந்து மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் வித்தை கடம்பாறையில் 1980-களின் இறுதியிலிருந்து உங்கள் கையில் இருக்கிறது. 400 மெகாவாட். ராத்திரியில் வீசும் காற்றை மாலை விளக்குக்கு மாற்றித் தர இதைவிட நல்ல வழி நம் மலைகளுக்குத் தெரியாது. அடுத்ததாக நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம், 500 மெகாவாட். இரண்டு பக்கமும் அணைகள் ஏற்கெனவே இருக்கின்றன. திட்டம் தீட்டிய காலத்தில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் பொறியியல் முடித்து வேலைக்கே போய்விட்டார்கள். 2025 பிறந்தபோதும் அங்கே கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. மலையை அவசரப்படுத்தக் கூடாது என்பது தெரிந்தவர்கள் நீங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் பற்றிச் சொல்லாமல் உங்கள் புகழ் முழுமையாகாது. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் அதைப் பொருத்திப் பார்த்தீர்கள். மாநிலம் முழுவதற்கும் ஏறத்தாழ மூன்று கோடி மீட்டருக்கு டெண்டர் விட்டீர்கள். விலை அதிகம் என்று 2024 முடிவில் அதை ரத்தும் செய்தீர்கள். விலை கூடுதல் என்றால் ரத்து செய்ததே சரி, அது மக்கள் பணம். ஆனால் அந்த மீட்டர் எதற்காக என்பதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். யூனிட் எத்தனை என்பதோடு எந்த மணி நேரத்தில் செலவானது என்பதையும் அது சொல்லும். பகல் பன்னிரண்டு மணிக்கு வெயில் மின்சாரம் கொட்டிக் கிடக்கிறது, மாலை ஏழு மணிக்குக் கரியைத் தள்ளித் தள்ளி எரிக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு யூனிட்டுக்கும் வீட்டுக்காரர் ஒரே விலைதான் கொடுக்கிறார். கிரைண்டரை எப்போது போட்டால் புகை குறையும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வந்து அட்டையில் எழுதிவிட்டுப் போகிறார். மாதாமாதம் கணக்கெடுப்போம் என்ற 2021 தேர்தல் வாக்குறுதியும் இந்த மீட்டரை எதிர்பார்த்தே காத்திருந்தது. மீட்டர் டெண்டருக்குக் காத்திருந்தது. எல்லோரையும் இவ்வளவு அமைதியாகக் காத்திருக்கப் பழக்கியது சாதாரண காரியம் இல்லை.

விவசாய மோட்டார்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிஞ்சும் மின்சாரத்தை என்ன செய்வது என்பதற்கு விடை அங்கேதான் கிடக்கிறது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இலவச இணைப்புகள். பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. கிணற்றிலிருந்து தண்ணீர் காலையில் ஏறினாலும் பிற்பகலில் ஏறினாலும் நெல்லுக்கு ஒன்றுதான். காற்றும் வெயிலும் மிஞ்சும் வேளையைப் பார்த்து அந்த மோட்டார்களுக்கு மின்சாரத்தை முறைவைத்து விட்டால், நிறுத்திவைத்த காற்றாலைகளில் கணிசமானவற்றைச் சுற்றவிடலாம். மழைக்காலத்து இருட்டில் பாம்புக்குப் பயந்து வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு போகும் விவசாயிக்கும் பகல் கிடைக்கும். இலவசத்தைத் தொட வேண்டியதே இல்லை. அளந்தால் போதும், நேரம் சொன்னால் போதும். மீட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே இலவசம் போய்விடும் என்று விவசாயி அஞ்சுகிறார். அந்த அச்சத்தைப் போக்க அவரோடு திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும். நீங்கள் அவரைத் தொந்தரவு செய்யவே இல்லை.

2024-ல் பசுமை எரிசக்திக்கென்று தனிக் கழகமும் கண்டீர்கள். நல்ல பெயர்.

மறுபடி தூத்துக்குடிக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் அந்த ஊர் பார்க்கிற மழையைவிட அதிகம். தாமிரபரணி ஊர்களுக்குள் வந்தது. துணை மின்நிலையங்களில் தண்ணீர் ஏறியது, கம்பங்கள் சாய்ந்தன. ஒரு பெருமழைக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது என்று அறிவியலாளர்கள் கவனமாகத்தான் பேசுவார்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் அதில் ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதல் ஈரம் தங்கும் என்பதை மட்டும் அவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். அந்த வெள்ளத்தில் உங்கள் ஊழியர்கள் உழைத்த உழைப்பு இருக்கிறதே, அதைப் புகழ எனக்குச் சொல் போதவில்லை. வேறு மாவட்டங்களிலிருந்தும் வந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் கேங்மேன்களும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள், மின்மாற்றியைச் சரிசெய்தார்கள், வீடு வீடாக விளக்கை எரியவைத்தார்கள். தங்கள் உயிரைப் பொருட்படுத்தாத அந்த மனிதர்கள் உங்கள் மின்வாரியத்தின் உண்மையான செல்வம். அவர்களை அடுத்த வெள்ளத்துக்கும் அனுப்புவீர்கள், அவர்களும் போவார்கள். வெள்ளம் வந்த பின் செய்ய வேண்டியதில் உங்களுக்குக் குறையே கிடையாது.

ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். எந்தக் காற்றாலையை, எந்தச் சோலார் நிலையத்தை, எந்தத் தேதியில், எந்தப் பதினைந்து நிமிடத்தில், என்ன காரணத்துக்காக நிறுத்தச் சொன்னீர்கள் என்பது உங்கள் கணினியில் இருக்கிறது. அந்த நிமிடத்தில் வடசென்னையும் மேட்டூரும் தூத்துக்குடியும் எத்தனை மெகாவாட் கரியை எரித்துக்கொண்டிருந்தன என்பதும் அங்கேயே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாள்தோறும், தமிழில், எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். புதிதாக எதையும் வாங்க வேண்டாம், டெண்டரும் விட வேண்டாம். ஏற்கெனவே உள்ள தாளில் இன்னொரு கட்டம் போட்டால் போதும், அன்றைக்கு அதனால் போன புகை எத்தனை டன் என்று எழுத. வரும் மே மாதத்தில் காற்று தொடங்குவதற்குள் அதைச் செய்துவிட்டால், உங்கள் மெய்க்கீர்த்தியின் மீதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் மின்நுகர்வோரில் ஒருவர்